தாருக்கு அடியில் இருக்கும் மண்

சேலம், நாமக்கல் சமவெளியில் பெரும்பாலும் செம்மண்தான். சாலைக்கு அது தோதான மண். தொல்லை வருவது இடையிடையே திட்டுத்திட்டாகக் குறுக்கிடும் கரிசலில். ஒரே ஒப்பந்ததாரர், ஒரே ஜல்லி, ஒரே தார். ஆனாலும் கரிசல் மேல் போகும் துண்டு மட்டும் இரண்டாவது மழைக்கே உட்கார்ந்துவிடும். தாரில் கைவைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். மண்ணை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சாலையின் நடுவே அடிமண் ஈரம் அதிகம் மாறாது. ஓரம் சித்திரையில் காய்ந்து ஐப்பசியில் ஊறும். அதனால் முதல் விரிசல் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் விழுகிறது. அதில் இறங்கும் தண்ணீர் அடிமண்ணைக் குழைத்துவிடும். மழை விட்ட மறுநாள் விரிசலைச் சுற்றி நைசான சேறு படிந்திருந்தால், லாரிச் சக்கரங்கள் மண்ணைக் கீழிருந்து பிதுக்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அங்கே எத்தனை ஒட்டுப் போட்டாலும் நிற்காது. ஈரம் மழையால் மட்டும் வருவதில்லை. மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களில் வழக்கமாக ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை தண்ணீர் ஓடும். பாசன வயலை ஒட்டிய சாலைக்கு மழை பெய்யாத நாளிலும் ஈரம் உண்டு.

மண் எவ்வளவு உப்பும் என்று கண்டுபிடிக்கப் பெரிய செலவில்லை. சலித்த மண் 10 கிராமை ஒரு அளவுக் குடுவையில் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. தண்ணீரில் உள்ளது அதைவிட 50 சதவீதத்துக்கு மேல் உப்பியிருந்தால் அந்த மண் சாலை அடித்தளத்துக்கு ஆகாது. மண்ணின் தாங்குதிறனை நான்கு நாள் ஊறவைத்துப் பார்க்கும் சி.பி.ஆர். சோதனையில் கரிசல் பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதம்தான் காட்டும். கனரக வண்டிகள் அதிகம் ஓடும் சாலைக்கு அது 5-க்குக் குறையக் கூடாது என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரசின் 2018 வழிகாட்டி.

மண் இப்படியிருக்க, மேலே ஏறும் சுமையும் கூடிவிட்டது. அதே 2018-ல் நான்கு சக்கர ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. சாலைச் சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் எடை 13 சதவீதம் கூட, சேதம் 60 சதவீதம் கூடுகிறது. லாரிகளின் ஊரான நாமக்கல்லுக்கு இது சின்ன விஷயமல்ல.

வழி இருக்கிறது. கரிசலை வெட்டி எடுத்துவிட்டு மேல் அரை மீட்டருக்கு நல்ல கிராவலை இறுக்கலாம். வெட்டி மாற்றக் கட்டுப்படியாகாத இடத்தில் 3 முதல் 5 சதவீதம் சுண்ணாம்பு கலந்தால் களிமண்ணின் பிசுபிசுப்பு அடங்கும். கலப்பதற்கு மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. ஆனால் பக்க வடிகால் இல்லாமல் இவற்றில் எதைச் செய்தாலும் காசு வீண். பல ஊர்களில் சாலை ஓர மண், தாரைவிட மேடாக நிற்கிறது. மழைநீர் வெளியேற இடமே இல்லை.

உங்கள் ஊர்ச் சாலையைப் புதுப்பிக்கப் போகிறார்களா? மதிப்பீட்டில் மண் பரிசோதனை இருக்கிறதா, ஊறவைத்த சி.பி.ஆர். எவ்வளவு, வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தார் ஊற்றும் முன்பே கேளுங்கள்.