குழாயில் பூத்த கல்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு வீடு விலைக்கு வந்தால், பார்க்க வருகிறவர் அறை எத்தனை என்று விசாரிப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்: "தண்ணி எப்படிங்க?" வீட்டுக்காரர், "நல்ல தண்ணிதானுங்க" என்பார். அதற்குள் வந்தவரின் கண் குளியலறைக் குழாய்க்குப் போயிருக்கும். குழாயின் மூக்கில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அப்புறம் பேச்சு எதற்கு?

ஆகவே, விற்பதற்கு முன் வீட்டைக் கழுவிவிடுவது என்று முடிவாகிறது. இந்தச் சமவெளியில் அந்த வேலை இரண்டு நிறங்களோடு மல்லுக்கட்டுவது. ஒன்று சிவப்பு, இன்னொன்று வெள்ளை.

சிவப்பு என்பது மண். இது பாலைவனம் இல்லை. ஆனாலும் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையைவிட வெயில் குடிக்கக் காத்திருக்கும் ஈரம் இங்கே அதிகம். மாசி, பங்குனியில் செம்மண் காய்ந்து மாவாகிவிடுகிறது. காற்று ஒரு கை அள்ளும், லாரிச் சக்கரம் ஒரு கை அள்ளும். ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை, பரணில் கிடக்கும் அண்டா எல்லாம் ஒரே செம்பழுப்பு. தூசியைத் தட்டிய உடனே தரையைத் துடைத்தால் பாதி உழைப்பு வீண். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பருமனுள்ள மண்துகள், கூரையிலிருந்து தரைக்கு வரச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், அசையாத காற்றிலும் பல மணி நேரம் மிதந்தபடி இறங்கும். மாலையில் ஒட்டடை அடித்துவிட்டு, மறுநாள் காலையில் ஈரத்துணியால் தரையைத் துடைப்பதே கணக்குக்குச் சரி.

வெள்ளையின் கதை நீளமானது. அது நிலத்துக்கு அடியில் தொடங்குகிறது.

மழைத்துளி மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட மூச்சைச் சந்திக்கிறது. மண்ணின் இடுக்குகளில் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பலமடங்கு அதிகம். அதைக் கரைத்துக்கொண்ட நீர் மெல்லிய அமிலமாகிறது. ஏறக்குறைய நீர்த்துப்போன கோலி சோடா. அந்தச் சோடா பாறை வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. நிலத்தடி நீரைத் தேடித் திருச்செங்கோட்டு ஆழ்துளை ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுகின்றன. சொந்த ஊரிலும் ஆயிரம் அடியைத் தாண்டுவது இப்போது அதிசயமில்லை. ஆழத்து நீர் பாறையோடு நெடுநாள் பழகிய நீர். பெரும்பாலும் அதற்குத் தகுந்த கனத்தோடுதான் மேலே வரும்.

மேலே வந்ததும் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான். வாயு வெளியேறுகிறது. அது இருந்தவரைக்கும் கரைந்திருந்த கால்சியம், இனிக் கரைந்திருக்க முடியாமல் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சூடாக்கினால் வாயு இன்னும் வேகமாக ஓடும். ஹீட்டர் கம்பியில் கல் கட்டுவதும் சுடுதண்ணீர் அண்டாவில் ஏடு பிடிப்பதும் அதனால்தான்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த 600ஐ எடுத்துக்கொண்டால், மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் டேங்க்குக்குள் சுண்ணாம்புக் கணக்கில் அரைக் கிலோவுக்கு மேல் கல் கரைந்து நிற்கிறது! கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர்தான். ஆனால் ஒவ்வொரு முறை டேங்க் நிரம்பும்போதும் ஒரு கையளவு கருங்கல் ஜல்லிக்குச் சமமான பாறை மாடி ஏறுகிறது.

குழாய் மூக்கில் நடக்கும் இதே மாதிரியான வேலையை மலையளவில் பார்க்க வேண்டுமானால் தொலைவு போக வேண்டாம். சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில், கரும்பச்சைப் பாறையைக் கிழித்துக்கொண்டு வெள்ளை நரம்புகள் ஓடுகின்றன. ஆங்கிலேயர் அதற்குச் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது சாக்கட்டி இல்லை. வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். மெக்னீசியம் மிகுந்த டியூனைட் பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கலந்த நீர் ஊடுருவி, பாறையை அரித்து, மெக்னீசியம் கார்பனேட்டாக உறைந்த படிவு அது. உங்கள் குழாயில் பிடித்திருக்கும் பொருக்குக்குப் பெரியப்பன் முறை. 1979இல் தொடங்கிய தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் வெட்டியெடுப்பது இந்தக் கல்லைத்தான். சுட்டெடுத்த மேக்னசைட் 2,800 டிகிரி வரை உருகாது; ஆகவே அது எஃகு உலைகளின் உள்சுவராகிறது.

வாயு பிரிந்ததால் குழாயில் உறைந்த கல், அமிலம் பட்டால் மறுபடி இளகும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரைமணி நேரம் விடுங்கள். நுரை கிளம்பும். அந்தக் குமிழிகளுக்குள் இருப்பது, கல்லுக்குள் பூட்டிக் கிடந்த அதே கரியமில வாயு. ஊறவிட்டால் பொருக்கு பழைய பல்துலக்கும் பிரஷுக்கே உதிர்ந்துவிடும். கத்தியால் சுரண்டிக் குழாயின் பளபளப்பைக் கெடுக்க வேண்டாம்.

ஆனால் அதே எலுமிச்சையோடு சமையலறைப் பக்கம் போகாதீர்கள். மேடையில் போட்டிருக்கும் கடப்பைக்கல் சுண்ணாம்புக் கல் வகை. கூடத்தில் போட்ட மொசைக் என்பது சிமெண்டில் பதித்த சலவைக்கல் துண்டுகள். குழாயில் கறையாக இருப்பதும் இங்கே தரையாக இருப்பதும் அமிலத்துக்கு ஒன்றுதான். வித்தியாசம் பார்க்காமல் இரண்டையும் தின்னும். பளபளத்த கல் வெளிறிப்போகும். கிரானைட்டுக்கு அந்தப் பயமில்லை, அது வேறு குலம். சந்தேகமிருந்தால் ஒளிந்த மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: நுரைத்தால் கைவைக்காதீர்கள்.

கடையில் விற்கும் பாத்ரூம் ஆசிட் இதைவிட முரடு. அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே நாளில் எடுக்காமலிருப்பது நல்லது.

இனிச் சுவர். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்து, காரை பொரிந்திருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் நிலத்தின் ஓதத்தை இழுக்கிறது. வெளியே வெயில் காய்ச்சும்போது நீர் ஆவியாகிப் போய்விடும். அதோடு வந்த உப்புக்குப் போக வழியில்லை. சுவரின் தோலுக்கடியில் படிகமாக வளர்ந்து காரையைத் தள்ளிவிடுகிறது. இதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து, உதிர்ந்ததை அள்ளி வெளியே கொட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. அதன்மேல் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து மறைக்கலாம்தான். ஈரம் வெளியேற வழியில்லாமல் அடுத்த கோடைக்குள் கொப்புளிக்கும். வாங்கியவர் அப்போது உங்களை நினைத்துக்கொள்வார். ஈரம் ஏறுவது நிற்கும்வரை எந்தப் பூச்சும் தற்காலிகம்.

பழைய வீடென்றால் கடைசி வேலை வெள்ளையடிப்பு. இங்கே கதை ஒரு சுற்று சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். அதைக் காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு பிரிந்து சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் தானாகக் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். வடிகட்டி, கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து சுவரில் பூசினால், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு பழையபடி கல்லாகிறது. அதாவது, காலையில் குழாயில் தேய்த்துத் தேய்த்து எடுத்த அதே பொருளை மாலையில் காசு கொடுத்துச் சுவரில் பூசுகிறோம். ஒன்றுக்குப் பெயர் கறை, மற்றதற்குப் பெயர் வெள்ளை.

பூசியது ஒரே நாளில் உலர்ந்துவிடும். ஆனால் கல்லாவதற்கு அது இன்னும் பல நாள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் வீடு பார்க்க நாலுபேர் வருவார்கள். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நாலு பங்குதான். மனிதர் விடும் மூச்சில் அது நூற்றில் நாலு பங்கு. கூடத்தில் பாய் விரித்து, கிணறு எத்தனை அடி, கோடையில் தண்ணீர் நிற்குமா, கடைசி விலை என்ன என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பேச்சின் மூச்சிலிருந்து கொஞ்சத்தை எடுத்துச் சுவர் இறுகிக்கொண்டிருக்கும்.