டிராகுலாவின் முடிவு: நிறைவா, குறையா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விடுதியின் மொட்டை மாடியில் நம் மன்றத்து நண்பர்கள் சிலர் கூடியிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பேய்க்கதைகளில் வந்து நின்றது. 'டிராகுலா' நாவலை விரும்பிப் படிக்காதவர் எங்களுள் ஒருவரும் இல்லை. அதன் முடிவை மனமாரப் பாராட்டியவரும் ஒருவரும் இல்லை! உணவு மணி அடித்த பின்னும் வாதம் ஓயவில்லை. அந்த வாதத்தையும், அதனால் நான் பெற்ற தெளிவையும் இங்கே கூற விரும்புகிறேன்.

அயர்லாந்தில் பிறந்து, லண்டன் லைசியம் நாடக அரங்கின் நிர்வாகியாகப் பணியாற்றிய பிராம் ஸ்டோக்கர் எழுதிய இந்நாவல் 1897-இல் வெளிவந்தது. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு ஆகியவற்றைத் தொகுத்தாற்போல் அமைந்த கதை இது. டிரான்சில்வேனியாவின் பாழ்ங்கோட்டையில் வாழும் டிராகுலா, மனிதக் குருதியைக் குடித்து உலவும் இறவாப் பிணம். அவன் இங்கிலாந்துக்கு வந்து லூசி என்ற பெண்ணைப் பலி கொள்கிறான். அவள் தோழி மினாவையும் தீண்டி விடுகிறான். மினாவும், அவள் கணவன் ஜோனதனும், அறிஞர் வான் ஹெல்சிங்கும், நண்பர் மூவரும் அவனைத் துரத்திச் செல்கின்றனர்.

இருபத்தேழாம் அதிகாரத்தில், பனி மூடிய மலைப்பாதையில், அவன் கிடக்கும் பெட்டியை மடக்குகிறார்கள். கதிரவன் மறையும் கணம். மூடி பெயர்கிறது. ஜோனதனின் கத்தி டிராகுலாவின் கழுத்தை அறுக்கிறது. அமெரிக்க நண்பர் குவின்சி மாரிஸின் கத்தி நெஞ்சில் பாய்கிறது. உடல் தூளாகி மறைகிறது. சில வரிகள்; அவ்வளவுதான்! ஜோனதன் கையில் கூர்க்கர்களின் குக்ரிக் கத்தியைக் கொடுத்திருக்கிறார் ஆசிரியர் என்பது நமக்குச் சுவையான செய்தி. ஆனால் கத்தியின் புதுமை மட்டும் ஏமாற்றத்தைத் தீர்த்துவிடுமா?

"இத்தனை பக்கம் அஞ்ச வைத்தவன் ஒரு சொல்லும் பேசாமல் சாவதா?" என்றார் பௌதிகம் பயிலும் நண்பர். சட்டம் பயிலும் சகோதரி மேலும் ஒரு படி சென்றார். "லூசிக்கு நெஞ்சில் மர ஆப்பை அறைந்து, தலையையும் துண்டித்தார்கள். இவனுக்கு மட்டும் வெறும் கத்தி போதுமா? கதிரவன் மறையும் நேரத்தில் இவன் உருமாற வல்லவன், தூசியாகவும் வர வல்லவன் என்று வான் ஹெல்சிங்கே முன்பு சொல்கிறாரே! தூளானவன் இறந்தானா, தப்பினானா?" என்று கேட்டார்.

கேள்வி கூர்மையானதுதான். இந்த ஐயத்தைப் பற்றிக்கொண்டே பிரெட் சேபர்ஹேகன் என்ற அமெரிக்க எழுத்தாளர், தான் தப்பிய கதையை டிராகுலாவே சொல்வதாக 1975-இல் ஒரு நாவல் எழுதினார்.

ஸ்டோக்கருக்குப் பெரிய முடிவு எழுதத் தெரியாமலில்லை. பிற்காலத்தில் கிடைத்த அவருடைய தட்டச்சுப் படியில், டிராகுலா மாண்டதும் கோட்டையே அதிர்ந்து அழிகிறது. அச்சில் அப்பகுதி இல்லை, கோட்டை நிற்கிறது. இதை அறிந்தபோது, "ஐயோ, அதையே விட்டிருக்கலாகாதா!" என்றுதான் நானும் எண்ணினேன்.

மறுநாள் இரவு கடைசி அதிகாரத்தை மீண்டும் படித்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த இறுதிக் காட்சியை நமக்குச் சொல்பவள் மினா. டிராகுலா அழியாவிட்டால், தன் சாவுக்குப் பின் தானும் பேயாவோம் என்று அறிந்தவள். அவள் நெற்றியில் புனித அப்பம் சுட்ட வடு இருக்கிறது. ஆயினும் அவளே, டிராகுலாவும் இரங்கத்தக்கவன் என்று ஆடவர்களிடம் முன்பு மன்றாடியவள். இப்போது அவன் முகத்தில் அவள் காண்பது என்ன? உடல் தூளாகும் முன் தோன்றும் ஓர் அமைதி. உடனே கதை அவனை விட்டு, குற்றுயிராய்க் கிடக்கும் குவின்சியிடம் செல்கிறது. அவன் மினாவின் நெற்றியைச் சுட்டிக் காட்டுகிறான். வடு மறைந்துவிட்டது!

சகோதரியின் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. டிராகுலா இறந்தானா என்பதற்குச் சான்று தூளில் இல்லை. மினாவின் நெற்றியில் இருக்கிறது. நாம் பேயின் சாவைக் காணக் காத்திருந்தோம். ஆசிரியரோ ஒரு பெண்ணின் மீட்சியை எழுதினார். கோட்டையும் இடிந்து விழுந்திருந்தால், அந்தப் பேரொலியில் ஒரு சிறு நெற்றியை யார் பார்த்திருப்பார்?

குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. தாமே வகுத்த விதிகளை ஆசிரியர் இன்னும் கவனமாகக் காத்திருக்கலாம். ஆனால் ஒரு முடிவு நம்மை ஏமாற்றும்போது, "ஆசிரியர் எதைத் தரவில்லை?" என்று கேட்பதுடன், "நாம் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்?" என்றும் கேட்டுக்கொள்ளல் நன்று.

சகோதரி இன்னும் இசையவில்லை. நண்பர்களே, நீங்களும் கடைசி அதிகாரத்தை ஒருமுறை புரட்டிவிட்டு மாடிக்கு வாருங்கள். வழக்கு இன்னும் முடியவில்லை!