சந்தாப் பட்டியலும் வாக்குச்சீட்டும்

ஒரு தோட்டத்தில் எத்தனை வாக்கு தேறும் என்று அறிய இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கருத்துக்கணிப்பு தேவைப்பட்டதில்லை. தொழிற்சங்கச் சந்தா மாதாமாதம் சம்பளத்தில் பிடிபடுகிறது. எந்த டிவிசனில் யார், எந்தச் சங்கம் என்பது செக்ரோல் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கும் தோட்டத் தலைவர்தான் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் நெடுங்காலமாகத் தேர்தல் வியூக வகுப்பாளர்.

வியூகம் வகுப்பதையே தொழிலாகச் செய்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்குப் பிரசாந்த் கிஷோரின் ஐபேக் நிறுவனம் வேலை பார்த்தது. ஒப்பந்தம், கட்டணம், முடிவு வந்ததும் அடுத்த மாநிலம். தோட்டத் தலைவருக்கு அந்த வசதி கிடையாது. தோற்றாலும் ஜெயித்தாலும் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் அதே ஆட்களின் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

தோட்டத்து ஆள் கணக்கைப் பேரம் பேசும் பலமாக மாற்றியவர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களின் வாக்கைப் பறித்துவிட்டன. வாக்கில்லாதவர்களை வைத்து என்ன பேரம் பேசுவது? கொழுந்து பறிக்கும் கைகளை வைத்துப் பேசினார். 1986 ஜனவரியில் காலை வேளைகளில் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனை செய்யும்படி தொழிலாளரை அழைத்தார். வேலைநிறுத்தம் என்று சொல்லாத வேலைநிறுத்தம் அது. குடியுரிமைச் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ரணசிங்க பிரேமதாச பாதியைச் சற்றே தாண்டி 50.43 சதவீதம் எடுத்துத் தேறியபோது, மலையக வாக்கின் விலை எல்லாக் கட்சிக்கும் விளங்கிவிட்டது.

அதன் பிறகு தலைவர்களின் வேலை வாக்கைச் சிதறாமல் காப்பதாயிற்று. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிச் சின்னத்துக்குப் போட்டபின் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். ஆகவே பிரசாரத்தின் பெரும்பகுதி சின்னத்தையும் இலக்கத்தையும் மனதில் பதிய வைப்பதுதான். மாதிரி வாக்குச்சீட்டோடு தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள்தோறும் ஏறி இறங்க வேண்டும். தமிழ் வேட்பாளர் பெருகினால் விருப்பு வாக்கு பிரியும், ஒருவரும் தேற மாட்டார். 2010இல் பதுளையின் 8 ஆசனங்களில் ஒன்றுகூடத் தமிழருக்குக் கிடைக்கவில்லை. 2015இல் வடிவேல் சுரேஷ், அ. அரவிந்தகுமார் என இருவர் பாராளுமன்றம் போனார்கள். ஐந்தாண்டுக்குள் மக்கள்தொகை மாறிவிடவில்லை. இலக்கம் விழுந்த விதம்தான் மாறியது.

ஆனால் சந்தாப் பட்டியலும் வாக்குப் பட்டியலும் ஒன்று என்ற நம்பிக்கையில் அதற்கு முன்பே கீறல் விழுந்திருந்தது. 2014 செப்டெம்பர் 20இல், பதுளையை உள்ளடக்கிய ஊவா மாகாண சபைக்குத் தேர்தல். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் சேர்ந்திருந்த ஆளும் கூட்டணி, 2009இல் 72 சதவீதம் வாங்கியிருந்த ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணி, 51 சதவீதத்துக்கு இறங்கியது. எம்.பி. பதவியைத் துறந்து முதலமைச்சர் வேட்பாளராக நின்ற ஹரின் பெர்னாண்டோவின் தலைமையில் ஐக்கிய தேசியக் கட்சி 34 ஆசனங்களில் 13ஐப் பிடித்தது. ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்று 2005இலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. அந்தப் படிகளில் வாக்குக் கேட்டு ஏறாத கட்சி இருந்திருக்காது. பட்டியலில் ஆள் கணக்கு இருந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த மலைக்கு அதில் இடமில்லை.

2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மஹிந்த ராஜபக்ஷவின் பக்கம் நின்றது. மற்ற மலையகத் தலைவர்களான திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் எதிரணி வேட்பாளர் மைத்திரிபால சிறிசேனவிடம் போயிருந்தார்கள். பெரிய சங்கம் காட்டிய பக்கம் போகாமல் நுவரெலியா மாவட்டம் ஏறத்தாழ 64 சதவீதத்தை மைத்திரிக்குக் கொடுத்தது. பதுளையில் இருவருக்கும் தலா இரண்டரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மைத்திரி முந்தியது 300க்கும் குறைந்த வாக்கில். இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்கு ஒற்றைக் காரணம் தேடுவது வீண். ஒரு தோட்டம் மனம் மாறினாலே போதும்.

பத்தாண்டில் கீறல் உடைப்பாயிற்று. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் பதுளையில் சஜித் பிரேமதாசவே முதலிடம். இரண்டு மாதம் நிறையுமுன், நவம்பர் 14இல் அதே மாவட்டம் 9 ஆசனங்களில் 6ஐத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. அதன் பட்டியலில் நின்ற கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் எம்.பி. ஆனார்கள். பழைய மலையகக் கட்சிகளின் பட்டியலில் நின்றவர்கள் அல்ல இவர்கள். 2023 ஒக்டோபரிலேயே தேசிய மக்கள் சக்தி ஹட்டன் பிரகடனம் வெளியிட்டு, மலையக மக்களிடம் காணி, வீடு, சம்பளம் பற்றித் தன் பேரிலேயே பேசத் தொடங்கியிருந்தது. சங்கத் தலைவரின் கைப்பட்டியல் வழியாகப் போகாத வியூகம் அது.

பழைய தலைவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கொழும்பில் கடையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பிள்ளை சந்தா கட்டுவதில்லை, செக்ரோலில் பெயரில்லை. வாக்கு மட்டும் தோட்டத்தில் இருக்கிறது. தேர்தலுக்கு முதல் நாள் பஸ் ஏறி வரும் அவனுக்கு எந்த இலக்கத்தைச் சொல்வது, யார் சொல்வது என்பதற்குத் தோட்டத் தலைவரிடம் வழியில்லை. அவனுடைய தொலைபேசி இலக்கமே அவரிடம் இருக்காது.