அடித்த அடியை மறக்காத பித்தளை

மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதல் முறை எளிதாக வளையும். அடுத்தடுத்த முறை விறைப்பு கூடும். சிறிது நேரத்தில் அந்த இடத்திலேயே முறிந்துவிடும். துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு எத்தனை முறை பயன்படும் என்பதையும் இதே குணம்தான் முடிவு செய்கிறது.

தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: தீப்பொறி தரும் மூடி, வெடிமருந்து, பறந்து செல்லும் குண்டு, இவற்றை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் பித்தளைக் கூடு. சுட்ட பிறகு முதல் மூன்றும் தீர்ந்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோர் பலர், அந்தக் கூட்டைச் சேகரித்து மறுபடியும் நிரப்பிக் கொள்கிறார்கள். அங்கே அது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. மலேசியாவிலோ உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே கடும் குற்றம். எனினும் அதன் பின்னே உள்ள உலோகவியல் எல்லாருக்கும் பொதுவானது.

ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில்

1952இல் அறிமுகமான .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அது வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தத்திற்கு வகுக்கப்பட்ட உச்ச வரம்பு, சதுர அங்குலத்திற்கு 62,000 பவுண்ட். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 32 பவுண்ட்தான். அதாவது சுமார் இரண்டாயிரம் மடங்கு!

அந்த அழுத்தத்தில் கூடு உப்பி, துப்பாக்கி அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இதனால் சூடான வாயு பின்பக்கம் கசிவதில்லை. அழுத்தம் தணிந்ததும் பித்தளை சற்றே சுருங்குகிறது. அதனால்தான் கூட்டை வெளியே இழுக்க முடிகிறது. உப்பவும் வேண்டும், ஓரளவு திரும்பவும் வேண்டும். 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை இந்த இரண்டுக்கும் ஏற்றது.

ஆனால் கூடு தன் பழைய அளவுக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. எனவே மறுபடி நிரப்புவதற்கு முன், அதைக் கடினமான எஃகு அச்சுக்குள் அழுத்தி அளவுக்குக் கொண்டு வரவேண்டும். புதிதாகத் தொடங்குவோர் தடுமாறும் இடம் இதுதான்.

தாளை விட மெல்லிய கணக்கு

முதல் விதி, எண்ணெய்ப்பூச்சு. பூசாமல் அழுத்தினால் கூடு அச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். அளவுக்கு மீறிப் பூசினால், ஒதுங்க இடமில்லாத எண்ணெய் கூட்டின் தோளில் பள்ளம் விழச் செய்யும்.

இரண்டாவது விதிதான் முக்கியமானது. கூட்டின் உடல் கழுத்தாகக் குறுகும் சரிவைத் தோள் என்பார்கள். அச்சை அதிகமாக இறக்கினால் தோள் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளப்படும். அப்படிப்பட்ட கூடு துப்பாக்கி அறைக்குள் சற்றுத் தளர்வாக நிற்கும். சுடும்போது அதன் மெல்லிய முன்பகுதி அறையின் சுவரைப் பற்றிக்கொள்ள, தடித்த அடிப்பகுதியோ பின்னால் இருக்கும் இடைவெளியை நிரப்ப நகர்கிறது. இரண்டுக்கும் நடுவில், அடிப்பகுதிக்குச் சற்று மேலே, பித்தளை இழுபட்டு மெலிகிறது.

ஒவ்வொரு முறையும் இப்படி இழுத்தும் சுருக்கியும் வந்தால், அந்த இடத்தில் பளபளப்பான வளையம் ஒன்று தெரியத் தொடங்கும். பிறகு ஒரு நாள் கூடு இரண்டாகப் பிரிந்து, வாயு சுடுபவரை நோக்கிச் சீறக்கூடும்.

இதைத் தவிர்க்க, தன் துப்பாக்கியில் சுட்ட கூட்டின் அடியிலிருந்து தோள் வரையுள்ள நீளத்தை முதலில் அளக்கிறார்கள். பின் அச்சைச் சிறிது சிறிதாக இறக்கி, கைகளால் குண்டேற்றும் துப்பாக்கியாக இருந்தால் தோளை 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை மட்டுமே பின்தள்ளுகிறார்கள். நாம் அச்சுப்பொறியில் வைக்கும் தாளின் தடிமனே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்! நுனி வளைத்த கம்பியால் கூட்டின் உட்சுவரைத் தடவி, பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

இறுகுவது ஏன்?

உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அந்த அடுக்குகளில் ஆங்காங்கே வரிசை பிசகிய இடங்கள் உண்டு. உலோகம் வளையும்போது நகர்வது இந்தப் பிசகுகளே என்று 1934இல் ஜெஃப்ரி டெய்லர், இகான் ஒரோவன், மைக்கேல் போலானி ஆகிய மூவரும் தனித்தனியாக விளக்கினர்.

வளைக்க வளைக்கப் பிசகுகள் பெருகி, ஒன்றையொன்று வழிமறிக்கின்றன. நெரிசலில் சிக்கிய வாகனங்களைப் போல அவை நகர முடியாமல் போகும்போது உலோகம் இறுகுகிறது. இறுகிய பித்தளை அச்சிலிருந்து வெளிவந்ததும் முன்னைவிட அதிகமாகத் திரும்பி விரியும். ஆகவே அச்சை மாற்றாமல் வைத்திருந்தாலும் அளவு மாறிவிடும். கழுத்திலும் கீறல் விழும்.

இதற்கு மருந்து சூடு. தக்க வெப்பத்தில் புதிய படிகங்கள் உருவாகிப் பித்தளை மீண்டும் இளகுகிறது. ஆனால் கழுத்துக்கும் தோளுக்கும் மட்டுமே சூடு காட்ட வேண்டும். அடிப்பகுதி இளகினால் அழுத்தத்தைத் தாங்காது. இராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலம் கலந்த கறை, தொழிற்சாலையில் இப்படிச் சூடேற்றியதன் அடையாளமே.

மழைக்காலத்தில் பிளந்த கூடுகள்

பித்தளை தன்மேல் பட்ட அடியை உள்ளேயே வைத்திருக்கும் என்பதற்கு வரலாற்றுச் சான்று ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், யாரும் சுடாமலேயே பிளந்தன. ஆங்கிலேயர் இதற்குப் 'பருவ வெடிப்பு' என்று பொருள்படும் பெயரிட்டனர்.

1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் காரணத்தை விளக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக்காற்று, கூட்டை உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகியவை ஒன்றுசேர்ந்ததால் வந்த வினை அது. மிதமாகச் சூடேற்றினால், வலிமை குறையாமலே அந்த உள் இறுக்கம் தளர்ந்துவிடும். இன்றும் தோட்டாக் கூடுகளை அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தால் துலக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இந்த ஆபத்து தோட்டாவோடு நிற்பதில்லை. இறுக்கம் தங்கிய பித்தளைக் குழாய் இணைப்புகளும் அம்மோனியா பட்டால் விரிசல் காண்பதுண்டு. எனவே பித்தளையோடு வேலை செய்வோர் அதைத் தேவைக்கு மேல் வளைப்பதில்லை. வளைத்தபின் உள்ளே தங்கிய இறுக்கத்தைச் சூட்டால் தளர்த்தவும் மறப்பதில்லை.