கலப்பின ஆடும் தடுப்பூசியும்

எல்லயைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களில், லயத்து வீட்டின் ஓரமாக நிற்கும் ஆட்டுக்கொட்டில் ஒரு குடும்பத்தின் சேமிப்புப் பெட்டியாகும். பிள்ளையின் படிப்புக்கும் எதிர்பாராத நோய்ச் செலவுக்கும் கைகொடுப்பது அதுவே. ஆதலின், ஆட்டுக்கு ஊசி என்றதும் சிலர் தயங்குவதில் வியப்பில்லை. நாட்டாடு தாங்கும்; ஜமுனாபாரிக் கலப்பும் சானன் கலப்பும் தாங்குமா என்பதே அவர்களுடைய ஐயம்.

இந்த ஐயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மாடுகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்த வெக்கை நோய்க்கு, 1920களில் இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் ஒரு வழி கண்டார். நோய்க் கிருமியை ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றிச் செலுத்தினார். ஆட்டின் உடலில் பழகிய கிருமி, மாட்டைக் கொல்லும் வன்மையை இழந்தது. அதனையே தடுப்பு மருந்தாக்கினர்.

சமவெளி நாட்டு மாடுகள் சிறு காய்ச்சலோடு தேறின. ஆனால் மலைப்பகுதி மாடுகளும், ஐரோப்பிய இனங்களும், அவற்றின் கலப்பினங்களும் அதே ஊசியால் கடுமையாக நோயுற்றன, சில மாண்டன. மருந்திலிருந்த கிருமி மெலிந்ததேயன்றி இறந்ததன்று. அதைத் தாங்கும் ஆற்றல் இனத்துக்கு இனம் வேறுபட்டது.

அதற்காக ஊசியையே கைவிட்டார்களில்லை, மருந்தைத் திருத்தினார்கள். மெல்லிய இனங்களுக்கென முயலில் பழக்கிய மருந்து வந்தது. 1960ஆம் ஆண்டளவில் கெனியாவில் வால்டர் பிளவ்ரைட், கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் கிருமியை வளர்த்து, எல்லா இன மாடுகளுக்கும் தீங்கற்ற மருந்தை ஆக்கினார். 1987இல் இந்தியாவிலிருந்து வந்த ஆடுகள் வழியாக அந்நோய் இலங்கையில் மீண்டும் புகுந்தபோது, தடுப்பூசியே அரணாயிற்று. 2011இல் உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே, ஐயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆட்டை மறைப்பதைவிட, மிருக வைத்தியரிடம் அதைச் சொல்வதே நலம். ஆட்டின் கலப்பு யாது, வயது என்ன, சினையா, இரை எடுக்கிறதா என்பவற்றை ஊசிக்கு முன்பே கூற வேண்டும். நோயுற்ற ஆட்டுக்கு ஊசியைத் தள்ளிவைப்பார். மருந்து ஐஸ் பெட்டியிலேயே வர வேண்டும். மலைக்குளிர் அதற்குப் போதாது. ஓரிரு நாள் காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கமும் இயல்பு. மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். புதிதாக வாங்கிய ஆட்டைச் சில வாரம் தனியே கட்டுவதும், ஊசியைப் போலவே கொட்டிலைக் காக்கும்.