ஆடுபுலியும் பொதுவிதியும்

ஆளுக்கொரு பாத்திரமேற்று, உரையாடியும் பகடை உருட்டியும் கதை வளர்க்கும் மேசையாட்டமான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. படைத்தோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். உரிமத்தைக் கடுமையாக்கும் முயற்சியைத் தனிப்படைப்பாளர் எதிர்க்கவே, 2023 சனவரியில் அதன் அடிப்படை விதிகள் பொதுவுரிமையாயின. மூலத்தைச் சுட்டி எவரும் அவற்றின்மேல் புதிய ஆட்டம் புனையலாம்.

பாத்திரமேற்கும் சுவை நம் ஆடுபுலியாட்டத்திலும் உண்டு. ஒருவர் 3 புலிகளாவார்; மற்றவர் 15 ஆடுகளாவார். புலி தாவி வெட்டும். ஆடுகள் கூடிநின்று வழியடைக்கும். இதற்கு உரிமையாளர் எவருமிலர். திருமலையிலும் ஆரணியிலும் கட்டம் வரையக் கரித்துண்டே போதும். ஆயின் ஏட்டிலேறாத விதி, ஆடுவோரோடு மறையும். ஊர்தோறும் வேறுபடும் விதிகளை மூத்தோரிடம் கேட்டு மாணவர் எழுதிவைப்பாராயின், அதனையும் தமிழ்ப்பணி என்றே போற்றுவோம்.