பின் சக்கரம் தந்த பாடம்



அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. இன்றைய உழவனின் தேர் டிராக்டர். அதை நிறுத்த அச்சாணி கழல வேண்டுவதில்லை; ஓர் அங்குலக் கருவேல முள்ளே போதும். அத்தகைய முள் ஒன்று எனக்குக் கற்பித்த பாடத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்த குடும்பத்தில் வளர்ந்தவன் நான். இப்போது இயற்பியலில் முதுகலை பயில்கிறேன். என் தாய்மாமன் தொட்டபல்லாபுரத்துக்கு அப்பால் திராட்சைத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். பந்தல் கால்களுக்கு இடையே பெரிய டிராக்டர் நுழையாது. ஆகவே பலர் கைமாறி வந்த பழைய சிறு டிராக்டர் ஒன்றை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே சென்றிருந்தபோது அதன் இடது பின் சக்கரம் காற்றிழந்து சப்பிக் கிடந்தது.

மாமா ஜாக்கியை எடுத்து வந்தார். பிரேக்கைப் பூட்டும் கொக்கி தேய்ந்து போயிருந்ததால், “சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுக்கலாமா தம்பி?” என்று கேட்டார். நானோ, “கியரில்தானே நிற்கிறது மாமா, எங்கே ஓடிவிடப் போகிறது?” என்றேன். படித்தவன் சொல்லை அவர் நம்பினார். சக்கரம் தரையை விட்டு எழும்பிற்று. மறுகணம் வண்டி மெல்ல முன்னே நகர்ந்தது, ஜாக்கி சாய்ந்தது, அச்சு ‘தொம்’மென்று இறங்கியது. மாமாவின் வலக்கைக்கும் அந்த இரும்புக்கும் இடையே இருந்தது ஒரு சாண். அந்த ஒரு சாணை நினைத்தால் இன்றும் என் உடல் நடுங்குகிறது.

வண்டி ஏன் நகர்ந்தது? விடை நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் மிகுதியாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல வேண்டும். அதற்காகவே இரு பின் சக்கரங்களுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி அமைந்துள்ளது. இயந்திரம் நின்று, கியரும் பூட்டிக் கிடக்கும்போது, அதன் நடுக்கூடு அசையாது. ஆனால் இடது சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால், வலது சக்கரம் அதே அளவு முன்னோக்கிச் சுழல அது இடம் கொடுக்கும். இரண்டும் தரையில் பதிந்திருக்கும்வரை இப்படி எதிரெதிராகச் சுழல வழியில்லை, வண்டி நிற்கிறது. ஒன்றைத் தூக்கிவிட்டாலோ, தூக்கிய சக்கரம் காற்றில் தாராளமாகச் சுற்றுகிறது; மற்றது தரையில் உருள்கிறது. கியர் என்ற காவலன் அங்கே பெயருக்குத்தான் நிற்கிறான்! இதைக் கரும்பலகையில் வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். தோட்டத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

அன்று நாங்கள் பிறகு செய்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கலப்பையைத் தரையில் இறக்கிவிட வேண்டும். தரையில் நிற்கும் மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும்.

அடுத்தது பலர் அறியாத ஒன்று. டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் தொங்குவது. மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஊசலாடுவதற்காக அவ்வாறு செய்திருக்கிறார்கள். பின்புறத்தை ஒரு பக்கமாகத் தூக்கும்போது அந்த ஊசலாட்டமே வண்டியைச் சாய்த்துவிடக்கூடும். ஆகவே முன் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே இருபுறமும் மர ஆப்புகளை இறுகச் செருக வேண்டும்.

சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்வது நலம்; தூக்கிய பின் ஸ்பானரை மிதித்தால் வண்டி அசையும். ஜாக்கியின் அடியில் கனமான பலகை வேண்டும்; உழுத மண் ஜாக்கியை விழுங்கிவிடும். உயர்த்தியதும் அச்சின் அடியில் உறுதியான முட்டுக் கொடுத்து, பளுவை அதன்மேல் இறக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று.

இனிச் சக்கரத்தின் உள்ளே பார்ப்போம். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்கு மேல் காற்றழுத்தம் வைக்கிறோம். இவ்வகை டிராக்டரின் பின் டயருக்கோ பெரும்பாலும் 12 முதல் 16 பவுண்டே போதும். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. அந்தச் சக்கரத்தின்மேல் 250 கிலோ இறங்கினால், அதைத் தாங்க ஏறத்தாழ 250 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையில் பதிய வேண்டும். அழுத்தம் குறையக் குறையப் பதியும் பரப்பு விரியும். மண் இறுகாது, பிடிப்பும் மிகும். உழவனுக்கு வேண்டியது இதுவே. ஆனால் அழுத்தம் அறவே போய்விட்டால் ரிம்மே டயரை நசுக்கும். அப்படியே ஓட்டினால் டயர் ரிம்மின்மேல் வழுக்கி, டியூபின் வால்வைப் பிய்த்தெறிந்துவிடும். ‘மெல்ல வீடுவரை ஓட்டிப் போய்விடலாம்’ என்ற எண்ணம் முள் செய்த சிறு துளையைப் பெருஞ்செலவாக்கும்.

மற்றொரு விந்தையும் உண்டு. பின் சக்கரம் வழுக்காமல் இழுக்க எடை வேண்டும் என்பதற்காக, பலர் டியூபில் நீர் நிரப்புகிறார்கள். வால்வை உச்சியில் நிறுத்தி, நீர் அந்த மட்டத்தை எட்டும்வரை நிரப்பினால், உட்பரப்பில் முக்கால் பங்கு நீராகும். எஞ்சிய கால் பங்கில் காற்று நிற்கும். நீர் அழுத்தத்துக்குச் சுருங்காது. காற்று சுருங்கி விரியும். ஆகவே எடை தருவது நீர். வில்போல் அதிர்ச்சியைத் தாங்குவது காற்று. குளிர்நாடுகளில் நீர் உறையாதிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பர். அது ரிம்மை அரிக்கும். நம் பெங்களூர்க் குளிருக்கு வெறும் நீரே போதும். அத்தகைய சக்கரத்தைக் கழற்றுமுன், வால்வைக் கீழே கொணர்ந்து நீரை வடித்துவிட வேண்டும். நாற்பது லிட்டர் நீரென்றால் நாற்பது கிலோ அல்லவா? அது காலில் விழுந்தால் யாருக்கு நட்டம்?

பஞ்சர் ஒட்டுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துத் தேட வேண்டும்; முள் இன்னும் அங்கேயே இருக்கலாம். அதை விட்டுவிட்டு டியூபை மட்டும் ஒட்டுவது, திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும். திரும்ப மாட்டும்போது டயரின் பக்கத்தில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் கட்டைகளுக்கு இடையே மண் அப்பிக்கொள்ளும். விளிம்பு ரிம்மில் உட்காரச் சோப்பு நீர் தடவலாம். அப்போதும் உட்காரவில்லையெனில் காற்றை ஏற்றிக்கொண்டே போகக்கூடாது. 35 பவுண்டைத் தாண்டினால் டயர் வெடித்து ஆளைக் கொல்லவும் கூடும். காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடியும் முயல வேண்டும். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, சிறிது நேரம் ஓட்டிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும்.

நம் தலைமுறை டிராக்டரைக் காற்று டயரோடுதான் கண்டிருக்கிறது. ஆனால் முதல் டிராக்டர்கள் பல் வைத்த இரும்புச் சக்கரங்களில்தான் ஊர்ந்தன. 1888 இல் பெல்ஃபாஸ்டு நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றுக் குழாய் பொருத்தினார். அக்காற்று உழவனிடம் வந்து சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று: 1932 இல்தான் அமெரிக்காவின் ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்று டயர் பூட்டிய பண்ணை டிராக்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. உழவர் ஐயுற்றனர். அவர்களை நம்பவைக்க, மறு ஆண்டே பந்தயக்காரர் ஒருவரைக் கொண்டு மணிக்கு 64 மைல் வேகத்தில் அதை ஓட்டிக் காட்டினார்களாம்!

அன்று மாலை வேலை முடிந்து கை கழுவும்போது மாமா சொன்னார்: “நான் கல்லை வைக்கலாமான்னு கேட்டது பயத்துல, தம்பி. நீ வேண்டாம்னு சொன்னது படிப்புல.” அவர் சினந்து சொல்லவில்லை. அதனால்தான் அது என் நெஞ்சில் தைத்தது. அவருடைய அச்சத்துக்குள் இருந்த அறிவை நான் காணவில்லை. என் படிப்புக்குள் இருந்த அறிவை உரிய வேளையில் எடுக்கவும் இல்லை.

நண்பர்களே, நம்மில் பலருக்கு ஊரில் ஒரு காணி நிலமோ, அதில் உழைக்கும் ஓர் உறவோ உண்டு. விடுமுறைக்குச் செல்லும்போது நம் சொல்லை அவர்கள் நம்புவார்கள். அந்த நம்பிக்கையின்மேல்தான் நாம் நிற்கிறோம். வாயைத் திறக்குமுன், சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுப்போமாக.